விழும் ஓசைக்கு ஏற்ற ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆங்கிலத்தில் கதை எழுதிப் பழகுபவர்கள், எது விழுந்தாலும் ‘ஃபெல் டவுன்’ என்றே எழுதிவிடுகிறார்கள். விழுந்தது தெரிகிறது, ஓசை கேட்பதில்லை. தொப்பென்று விழுவதையும் தடாலென்று விழுவதையும் பிரித்தறியும் காது நமக்கு உண்டு. அதையே ஆங்கிலத்திலும் பயன்படுத்தலாம்.

முதல் படி: எங்கே விழுந்தது என்று பாருங்கள். கூழாங்கல் குளத்தில் விழுந்தால் ‘ப்ளாப்’ (plop). பாறையே விழுந்து நீர் தெறித்தால் ‘ஸ்ப்ளாஷ்’. அரிசி மூட்டை மண்தரையில் விழுந்தால் ‘தட்’ (thud).

அடுத்து, விழுந்தது எது? பழுத்த தக்காளி நசுங்கிச் சிதறினால் ‘ஸ்ப்ளாட்’. தட்டுகளும் கரண்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டால் ‘க்ளாட்டர்’. களைத்தவர் சோபாவில் உடலைச் சாய்த்துப் போட்டால் ‘ஃப்ளாப்’ (flop).

மூன்றாவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது: சொல்லின் கடைசி எழுத்தைக் கேளுங்கள். ‘ப்’ வரும்போது உதடுகள் மூடிக்கொள்கின்றன. ஓசையும் சட்டென்று நின்றுவிடுகிறது. ‘ஷ்’ என்று முடிந்தால் ஓசை பரவி நீள்கிறது. இரும்புக் குழாய் விழுந்து ரீங்கரித்தால் ‘க்ளாங்’ (clang). அதே குழாய் ரீங்காரமின்றி அடங்கினால் ‘க்ளங்க்’ (clunk). இறுதியில் வரும் ஒரு ‘க்’ அந்த அதிர்வை அடைத்துவிடுகிறது. எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் விதி அல்ல இது. ஆனாலும் புதிய சொல்லைப் பார்த்தவுடன் அதன் ஓசையை ஊகிக்க மிகவும் உதவும்.

இனி வாக்கியத்தில் வையுங்கள். எழுத்தில் ‘வித் எ தட்’ என்ற அமைப்பு பாதுகாப்பானது: ‘தி பேக் ஹிட் தி ஃப்ளோர் வித் எ தட்.’ பேச்சில் ‘இட் வென்ட் ப்ளாப்’ என்பது இயல்பு. ‘ஃப்ளாப்’ வினையாகவும் வரும்: ‘ஷி ஃப்ளாப்ட் ஆன்ட்டு தி சோபா.’

விளையாட்டுத்தனம் வேண்டுமானால் சொல்லுக்கு முன்னால் ‘கெர்’ (ker) சேர்க்கலாம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் பரவிய வழக்கு இது. ‘கெர்ப்ளங்க்’, ‘கெர்ஸ்ப்ளாஷ்’ எல்லாம் அப்படி வந்தவை. அழுத்தத்தை ‘கெர்’ மீது வைக்காமல், பின்வரும் பகுதியில் வையுங்கள். குச்சிகளை உருவ உருவக் கோலிக்குண்டுகள் விழும் விளையாட்டுப் பொருள் ஒன்று 1967இல் ‘கெர்ப்ளங்க்’ என்ற பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. ‘தட்’, ‘க்ராஷ்’ போன்றவை செய்தித்தாளிலும் வரும். ‘கெர்’ சேர்ந்தவற்றைத் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் எழுத வேண்டாம்.