ஜம்ப் ஸ்டார்ட்: நான்காவது கிளிப்பை எங்கே மாட்டுகிறீர்கள்?

ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும் வரும். செல்ஃப் எடுக்காது. பக்கத்து வீட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று ஜம்ப் கேபிளின் நான்கு கிளிப்பையும் பேட்டரியிலேயே மாட்டிவிடுகிறோம். பெரும்பாலும் வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடும். அதனாலேயே இதில் தவறு இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

கடைசிக் கிளிப்பை மாட்டும்போதுதான் சர்க்யூட் முழுமையாகிறது. பொறி பறப்பதும் அப்போதுதான். லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஒருநாள் காலையில் பட்டாசு போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பேட்டரியின் மேல்மூடி பிளந்து கிடக்கிறது, பானெட்டின் உள்பக்கமெல்லாம் ஆசிட். குனிந்து நின்றவர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. சட்டை மட்டும் பொத்தல் பொத்தலாகிப் போனது.

அதனால் வரிசை முக்கியம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல், இன்ஜின் ஆஃப் ஆகி நிற்க வேண்டும். முதலில் சிவப்பு, இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். அப்புறம் கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகட்டிவில். நான்காவது கிளிப், இறங்கிய வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் விட்டுவிட்டு, அடுத்ததில் சாவி போடுங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழாக. கையில் மோதிரமோ இரும்பு வளையமோ இருந்தால் முதலிலேயே கழற்றிவிடுங்கள். ஸ்பேனருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மாட்டிய மோதிரம் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

லாரியிடம் உதவி கேட்காதீர்கள். அதில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். உங்கள் கார் 12. பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ கேபிளை வெளியே எடுக்கவே வேண்டாம்.

எனக்குப் பெரிய ஆதங்கம் இன்னொரு பழக்கத்தில்தான். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதா பாப்போம்" என்பார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் அது செல்லுபடியானது. இப்போது பேட்டரி விலகியதுமே வோல்டேஜ் எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவைக் கொன்றுவிடலாம். டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தாலே போதும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரி.

வண்டி ஸ்டார்ட் ஆனதும், கடைக்கு ஒரு நடை போய் வந்தால் சார்ஜ் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். முழுக்க இறங்கிய பேட்டரிக்குச் சார்ஜர்தான் வேண்டும். சார்ஜர் கரன்ட்டை, பேட்டரி மேல் போட்டிருக்கும் ஆம்பியர்-அவர் (ஏஹெச்) அளவில் பத்தில் ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாம்: 35 ஏஹெச் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர். சீக்கிரம் முடியட்டும் என்று கூட்டி வைத்தால் சூடேறி பிளேட் கெட்டுப்போகும். மூடிய அறை வேண்டாம். கிளிப்பை மாட்டிய பிறகு சுவிட்சைப் போடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகு கிளிப்பை எடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், கூடுதல் ஆசிட் எதுவும் கூடாது. சார்ஜுக்கு முன் பிளேட் மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் போதும், மீதியைப் பிறகு ஊற்றலாம். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.

சார்ஜ் முடிந்து, கார் ஒரு ராத்திரி சும்மா நின்ற பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அருகே நின்றால் நல்லது. 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைப்பதில்லை. கடையில் லோடு டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு மாற்றிவிடுங்கள்.