குட்டி டிரான்ஸ்மிட்டர் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருந்தபடியே அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணற்று மோட்டாரை நிறுத்த, முனைக்கு ஒன்றாக, கட்டைவிரல் நகமளவு லோரா (குறைந்த பவரில் நெடுந்தூரம் போகும் ரேடியோ) மாட்யூல் போதும். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பணத்தை விடுவது கீழே உள்ள முதல் தவறில்தான்.

தோட்டத்துக்கு 433 மாட்யூல்

மலிவாகக் கிடைப்பது எஸ்எக்ஸ்1278 சிப் வைத்த 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல். "433-க்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று கடையில் சொல்வது அரை உண்மை. அந்த விலக்கு கட்டடத்துக்கு உள்ளே மட்டும்தான். பவர் 10 மில்லிவாட், அலை அகலம் 10 கிலோஹெர்ட்ஸ் வரைதான். இந்த மாட்யூல் 100 மில்லிவாட் வரை அனுப்பும். லோரா வழக்கமாக எடுக்கும் அகலம் 125 கிலோஹெர்ட்ஸ். கிணறோ வெட்டவெளியில். மூன்றுமே விதிமீறல்.

இதில் எரிச்சல் என்னவென்றால், வாங்கிய பிறகு திருத்தவே முடியாது. புரோகிராம் கோடில் அலைவரிசையை, லைசென்ஸ் வேண்டாத 866 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றினால் தீர்ந்தது என நினைக்கிறார்கள். 1278 சிப் 525 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. இரண்டு முனைக்கும் போட்ட காசு வீண்.

868 என்று குறித்த, எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள மாட்யூலை வாங்குங்கள். 865–868 மெகாஹெர்ட்ஸில் 1 வாட் பவர், 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் வரை லைசென்ஸ் தேவையில்லை. மாதிரி கோடில் 915 இருந்தால் உடனே 866 ஆக்குங்கள். இந்தியாவில் 890–915 செல்போன்கள் டவரோடு பேசும் இடம். ஆண்டெனா கம்பி 8.6 செ.மீ. பழைய 433-க்கு வெட்டிய 17.3 செ.மீ. கம்பியையே செருகினால் சிக்னல் பாதி வழியில் செத்துவிடும். நிறுத்தச் சொன்னது போய்ச் சேராமல், வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடி காயில் கருகும். ஆகவே ஒரு நிமிடம் சிக்னல் வராவிட்டால் மோட்டாரை இயக்கும் ரிலே சுவிட்ச் தானாக ஆஃப் ஆகும்படி ரிசீவர் கோடை எழுதுங்கள்.

இ.டி.ஏ. (கருவி ஒப்புதல்) கேட்காமல் வாங்குவது

அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றாலும் கருவிக்கு ஒப்புதல் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தருவது அது. கோவை காந்திபுரத்துக் கடையோ ஆன்லைனோ, சான்றிதழைக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ஆர்டுயினோ ஊனோ போர்டின் 3.3 வோல்ட் பின்னில் மாட்யூலை மாட்டுவது

மாட்யூலை இயக்கும் இந்தக் கன்ட்ரோல் போர்டின் அந்தப் பின் தாங்குவது 50 மில்லிஆம்பியர். முழுப் பவரில் அனுப்பும்போது மாட்யூல் 120 வரை இழுக்கும். சிக்னல் வாங்கும்போது ஒழுங்காக இருந்து, அனுப்பும்போது மட்டும் ரீசெட் ஆனால் காரணம் இதுதான். தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர், மாட்யூலை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். ஊனோவின் டேட்டா ஒயர்கள் 5 வோல்ட். நடுவே அதை 3.3 ஆகக் குறைக்கும் லெவல் கன்வெர்ட்டர் கட்டாயம்.

ஆண்டெனா மாட்டாமல் ஆன் செய்வது

கூடாது. சிக்னல் அனுப்பினால் சிப் போய்விடலாம்.

தறிக்குடோனுக்கு வாக்கி டாக்கி

446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும், ஒப்புதல் பெற்ற செட் என்றால் சரி. 136–174, 400–470 என எங்கு வேண்டுமானாலும் புரோகிராம் செய்யும் செட்டுக்கு விலக்கு கிடையாது. சட்டப்படி அதைக் கையில் வைத்திருக்கவே அனுமதி வேண்டும். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் இருந்தாலும் தொழில் பேச்சுக்கு அது செல்லாது.

நோன்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்

ஊர் முழுக்கக் கேட்க 88–108-ல் ஒலிபரப்புவதற்கு ஒலிபரப்பு உரிமம் வேண்டும். ஒயர் இழுத்து ஸ்பீக்கர் கட்டுங்கள்.