கலைப் பாடவேளையைப் பறிகொடுக்காமல் காப்பது எப்படி

அரசு நடுநிலைப் பள்ளிகளின் கால அட்டவணையில் ஓவியத்துக்கென ஒரு பாடவேளை பெரும்பாலும் எழுதப்பட்டே இருக்கும். தேர்வு நெருங்கியதும் அதைக் கணக்கோ அறிவியலோ வாங்கிக்கொள்ளும். ஆகவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது புதிய சலுகையை அன்று, ஏட்டில் உள்ள நேரத்தையே.

கேட்பதற்குரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவே. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படித்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் இணைப்பு அட்டவணையிலேயே உள்ளது. எனவே மாணவர் எண்ணிக்கையைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்த பிறகு கூட்டத்துக்குச் செல்லுங்கள். பேசிவிட்டு வந்தால் போதாது. கலைப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்தால் அதே வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று தீர்மானமாக எழுதச் செய்யுங்கள்.

அடுத்தது, யாரைக் கொண்டு கற்பிப்பது என்பது. கொங்கு நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. கோவை மாவட்டத்தின் வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராகக் கும்மி கற்பிப்போர் இன்றும் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் அவர்களில் ஒருவரை அழைத்தால், அடி பிறழாமல் வட்டம் சுழலவும், பாட்டின் சொல்லைக் காலத்தோடு சேர்த்துச் சொல்லவும், தன் கையைப் பக்கத்தில் ஆடுபவரின் கையோடு ஒத்துப் போடவும் பிள்ளைகள் பழகுவார்கள். ஊதியத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். கலைக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்கள் தறிக்காரரிடம் அப்படிக் கேட்பதில்லை.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தக் கலை எவருடையது என்பதில் நம் ஊர்களில் சாதி கலந்திருக்கிறது. கும்மிக்கு மகிழ்ந்து தலையாட்டும் பெற்றோரே பறை என்றதும் முகம் சுளிப்பதுண்டு. இரண்டும் கற்பிக்கப்படும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள் என்பதையும் தீர்மானத்திலேயே சேர்த்துவிட்டால் பின்னர் எழும் சண்டை பாதி குறையும்.

பிற பாடங்களோடு இணைக்கவும் வழியுண்டு. பவானி ஜமக்காளத்தின் பட்டைகளைக் கணக்கு வகுப்பில் விரித்து, எந்த நிறம் எத்தனை இழைக்கு ஒருமுறை திரும்புகிறது என்று எண்ணச் சொல்லலாம். வாய்ப்பிருந்தால் குழித்தறியில் நெய்பவரையே நேரில் பார்க்க அழைத்துச் செல்லலாம். வண்ணமும் தாளும் வாங்குவது சிறு செலவு. அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத்திருவிழா நல்லதே. ஆயினும் போட்டிக்காக ஐந்து பேரைப் பழக்கி, மற்றவர்களை வேடிக்கை பார்க்க விட்டால் அது பாடமாகாது.

பாடவேளையை வெள்ளிக்கிழமையின் கடைசி மணியில் வைக்காமல் முற்பகலில் வைக்கச் சொல்லுங்கள். எந்த நாளில் என்ன கற்பிக்கப்பட்டது, எது நடக்காமல் போனது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்து, ஜூன் மாதக் குழுக் கூட்டத்தில் அதை மேசைமேல் வையுங்கள்.