தேர்வுத் தாளில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

நன்றாகப் படித்தவர்களும் எழுத்துத் தேர்வில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம், கேட்டதை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுவதுதான்.

'பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த வட்டி விகித உயர்வு எந்த அளவுக்கு உதவும் என மதிப்பிடுக' என்று ஒரு கேள்வி. பலர் பணவீக்கத்தின் வரையறை, வகைகள், காரணங்கள் என்று இரண்டு பக்கம் நிரப்பிவிட்டு, வட்டிக்கு வரும்போது அவசர அவசரமாக முடிப்பார்கள். எழுதியதில் பிழை இருக்காது, ஆனால் கேள்விக்கான விடையும் இருக்காது. தேவை மிகுந்து விலை ஏறினால் வட்டி உயர்வு பலன் தரும். எரிபொருள் வரத்துக் குறைந்து விலை ஏறினால் அவ்வளவாகத் தராது. இப்படி இரு பக்கமும் பார்த்து ஒரு முடிவைச் சொன்னால்தான் அது மதிப்பீடு. 'ஒப்பிடுக' என்ற கேள்விக்கும் இதே கதைதான். இரண்டையும் தனித்தனியாக விவரித்துவிட்டு, ஒப்பிடும் வேலையைத் திருத்துபவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். கேள்வியின் கடைசி வினைச்சொல்லை அடிக்கோடிட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

அடுத்தது, பிடித்த கேள்வியிலேயே தங்கிவிடுவது. 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 20 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம். வினாத்தாள் படிக்கும் நேரத்தைக் கழித்தால் 33 என்று வையுங்கள். ஐந்து கேள்விகளில் நான்கை மட்டும் எழுதித் தலா 15 வாங்கினால் 60. ஐந்தையும் எழுதித் தலா 13 வாங்கினாலே 65. எந்த விடையிலும் முதல் பாதி மதிப்பெண் எளிதில் வரும், கடைசி இரண்டு மூன்றுக்குத்தான் நேரம் கரையும். ஆகவே நேரம் முடிந்ததும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துவிடுங்கள். மனசு கேட்காதுதான்.

கணக்குப் பாடங்களில் விடையை மட்டும் எழுதுவது வீண் துணிச்சல். படிகள் இருந்தால், கூட்டலில் சறுக்கினாலும் முறைக்கு மதிப்பெண் கிடைக்க வழியுண்டு.

தயாரிப்பில் நடக்கும் பெரிய தவறு, ஹைலைட்டரோடு திரும்பத் திரும்பப் படிப்பது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். மறுபடி படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றுவது அந்த நேரத்து மயக்கம். பழைய வினாத்தாளை எடுத்து, புத்தகத்தை மூடி, கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்கள். எங்கே திணறுகிறீர்களோ அதை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

கேள்வி எண்ணை மாற்றிப் போடுவது, கேட்டதற்கு மேல் கூடுதல் கேள்விகள் எழுதி நேரத்தை வீணாக்குவது போன்றவற்றுக்கு வினாத்தாளின் முதல் பக்கக் குறிப்புகளைப் படித்தாலே தீர்வு கிடைத்துவிடும்.

பத்து நிமிடம்தான் மிச்சம், ஒரு பெரிய கேள்வி பாக்கி என்றால் முன்னுரை எழுதிக்கொண்டிருக்காதீர்கள். முக்கியக் கருத்துகளை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணத்தோடு எழுதிவிடுங்கள்.