தேர்வுக் குழுவில் உட்காரும் முன்: ஆராய்ச்சியாளரை எடைபோடுவதில் நடக்கும் தவறுகள்

காரைக்குடி பக்கத்துக் கல்லூரிகளுக்கு நேர்முகத் தேர்வுக்கு வருபவர்களின் கோப்பைப் புரட்டினால், முதல் பக்கத்திலேயே மூன்று எண்கள் தடித்த எழுத்தில் நிற்கும்: எத்தனை பேப்பர், அவற்றைப் பிறர் காட்டிய மேற்கோள் எத்தனை, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு. அந்த மனிதர் என்னதான் ஆராய்ந்தார் என்பது ஆறாம் ஏழாம் பக்கத்தில் வரும். குழுவில் பலர் அதுவரை போவதில்லை. விண்ணப்பித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எதைப் பார்ப்போம் என்று தெரிந்துதான் அவர் அப்படி அடுக்கியிருக்கிறார்.

எண்களே கூடாது என்பது என் கட்சி அல்ல. நாம் படித்துப் பார்க்க வேண்டிய வேலையை எண்ணின் தலையில் கட்டிவிடுகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அதில் முதலிடம் ஆய்விதழின் பெருமையைக் கட்டுரையின் பெருமையாக எடுத்துக்கொள்வதற்கு. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு சராசரி, அவ்வளவுதான். ஓர் இதழ் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் 2024-இல் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2024-க்கான இம்பாக்ட் ஃபேக்டர் வந்துவிடும். மேற்கோள் கணக்கெடுப்பைத் தொடங்கிவைத்த அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்ட் இதைக் கொண்டுவந்தது மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று பார்க்கத்தான். ஆளை நிறுத்துப் பார்க்க அல்ல. ஓர் இதழுக்கு வரும் மேற்கோள்களில் பெரும்பகுதியைச் சில கட்டுரைகளே இழுத்துக்கொள்ளும். ஒரு தெருவில் ஆயிரம் ஜன்னல் வீடு ஒன்றும் பத்து ஜன்னல் வீடுகள் ஒன்பதும் இருந்தால், சராசரி வீட்டுக்கு 109 ஜன்னல். அப்படி ஒரு வீட்டை அந்தத் தெருவில் தேடினால் கிடைக்காது.

நம் ஊர் விதிகளே இந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டவை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில், கட்டுரை வந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 1-க்குக் கீழே இருந்தால் கூடுதலாக 10 புள்ளி, 10-ஐத் தாண்டினால் 30 புள்ளி. கட்டுரையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆனால் 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் இதழாசிரியர்களும் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். தனி ஆளின் வேலையை நியமனத்துக்கோ பதவி உயர்வுக்கோ மதிப்பிடும்போது இதழின் அளவுகோலைப் பதிலியாக வைக்காதீர்கள் என்பதுதான் டோரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பிரகடனத்தின் முதல் பரிந்துரை.

எச்-இன்டெக்ஸ் விஷயமும் கிட்டத்தட்ட இதே கதைதான். பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து மேற்கோள் என்றால் எச் 10. ஒருமுறை ஏறினால் இறங்காது, வயதோடு சேர்ந்து ஏறும். துறைக்குத் துறை அளவு மாறும் என்று 2005-இல் இதை முன்வைத்த ஜார்ஜ் ஹிர்ஷே எழுதியிருக்கிறார். கணிதக்காரரையும் உயிரியல்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்தி எச் பார்க்கும் குழு, ஆராய்ச்சியை மதிப்பிடவில்லை, துறையின் பழக்கத்தை மதிப்பிடுகிறது. பிள்ளைப்பேற்றுக்காக இரண்டு மூன்று ஆண்டு ஒதுங்கிய பெண்ணின் எண்ணை, இடைவெளியே இல்லாதவரின் எண்ணோடு வைப்பதும் இதே வகைதான். இடைவெளியைக் கழித்துவிட்டு, உண்மையில் ஆராய்ச்சியில் இருந்த காலத்தைக் கணக்கில் எடுங்கள். ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

அடுத்தது எனக்கு அதிகம் கோபம் வரும் இடம்: மெதுவாக நடக்கும் வேலையைச் சோம்பல் என்று நினைப்பது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. இரும்பு துருப்பிடிப்பது அங்கே பெரிய ஆய்வுத் துறை. அதற்காக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓராண்டு, ஈராண்டு, சில சமயம் அதற்கும் மேல். பிறகு எடுத்துச் சுத்தம் செய்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். உப்புக்காற்றை யாராலும் அவசரப்படுத்த முடியாது. அதே காலத்தில் கணினியில் மாதிரி போட்டுப் பார்க்கும் ஒருவர் நான்கு பேப்பர் போட்டுவிடலாம். அவர் வேலையும் தேவைதான். ஆனால் ஆண்டுக்கு எத்தனை என்று எண்ணும் குழுவில் தகட்டோடு காத்திருந்தவர் தோற்றுப் போவார். பாலம் கட்டுபவருக்கோ, இந்தக் கடற்கரையில் கம்பி எத்தனை வேகத்தில் அரிக்கும் என்ற அந்த ஒற்றை அட்டவணைதான் வேண்டும்.

இன்னொரு வகை வேலை கட்டுரையாகவே ஆகாது. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். வாழ்நாள் முழுக்கப் பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் அந்தத் திரட்டுதான் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தமிழகத்தின் 19, 20-ஆம் நூற்றாண்டு பற்றி எழுதிய எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு எச்-இன்டெக்ஸ் போட்டால் பூஜ்யம். தரவு சேர்ப்பவர், பட்டியல் தயாரிப்பவர், மென்பொருள் எழுதுபவர், கருவியைப் பழுதில்லாமல் ஓட்டுபவர் எல்லோருக்கும் இன்றும் இதே நிலைமைதான். டோரா இவற்றையும் ஆராய்ச்சியின் விளைவாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஓர் இடம் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

கூட்டுக் கட்டுரைக்குப் பங்கு பிரிப்பதிலும் சிக்கல். அதே 2018 விதிமுறைப்படி இருவருக்கு மேல் எழுதியிருந்தால் முதன்மை ஆசிரியருக்குப் புள்ளியில் 70 சதவீதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. ஆய்வகத்தில் நின்றது யார், கைடு என்ற முறையில் பெயர் சேர்ந்தது யார் என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. நேர்முகத்தில் “இதில் நீங்கள் செய்தது எது?” என்று கேளுங்கள். செய்தவர் நிற்காமல் பேசுவார்.

பட்டியலை நம்பி மூளையை ஓரம் வைப்பதும் உண்டு. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலை அதுவே 2025 பிப்ரவரியில் கைவிட்டது. “கேர் லிஸ்ட்ல இருக்கா சார்?” என்ற கேள்வி மட்டும் ஓயவில்லை!

சரி, எண்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டால்? சீர்திருத்தம் பேசுபவர்கள் விழும் பள்ளம் அது. எண் போன இடத்தில் “நம்ம பையன்”, “நம்ம கைடோட ஸ்டூடன்ட்” வந்து உட்காரும். யாரையும் தெரியாத சிற்றூர்க் கல்லூரிப் பெண்ணுக்கு, ஒருவேளை அந்த எண்தான் ஒரே துணை. அதனால்தான் ஆராய்ச்சியை அளக்கும் முறை பற்றி 2015-இல் வந்த லெய்டன் அறிக்கை எண்ணை ஒழிக்கச் சொல்லவில்லை. அறிந்தவரின் தீர்ப்புக்குத் துணையாக வைக்கச் சொல்கிறது. நடைமுறையில், விண்ணப்பிப்பவரே தன் சிறந்த கட்டுரைகளைத் தேர்ந்து தரட்டும். ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதி அமைப்பான டிஎஃப்ஜி 2010-லேயே தன்விவரக் குறிப்பில் ஐந்து கட்டுரைக்கு மேல் காட்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஐந்து என்றால் படித்துவிடலாம். ஐம்பது என்றால் எண்ணத்தான் முடியும். படித்தவர் என்ன கண்டார் என்பதை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எழுத வேண்டும் என்றாலே சிபாரிசுக் குரல் கொஞ்சம் தணியும்.

பிள்ளையார்பட்டிக் கல்வெட்டையோ நகரத்தார் கணக்கேடுகளையோ தமிழில் ஆராய்ந்து எழுதுபவரை ஸ்கோப்பஸ் என்ற பன்னாட்டு மேற்கோள் தரவுத்தளத்தில் தேடுவது வீண். உள்ளூருக்குப் பொருந்தும் ஆய்வின் தரத்தைக் காக்க வேண்டும் என்பதும் லெய்டன் அறிக்கையில் தனியாகவே ஒரு விதி. அப்படிப்பட்ட கட்டுரையை, தமிழும் கல்வெட்டும் தெரிந்த இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதைவிட வேறு குறுக்குவழி இல்லை.

அப்புறம், எண்ணைப் பயன்படுத்தத்தான் போகிறோம் என்றால் அது அந்த ஆளுடையதுதானா என்று பாருங்கள். நம் வட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பாட்டையா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் முத்தையா, அழகப்பன், சிதம்பரம், மெய்யப்பன் என்று ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இனிஷியலும் ஒன்றாகிவிட்டால் இரண்டு பேரின் கட்டுரைகளைத் தரவுத்தளம் ஒருவர் கணக்கில் சேர்த்துவிடும். இனிஷியலை ஒரு கட்டுரையில் முன்னும் இன்னொன்றில் பின்னும் போட்டவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். கூட்டத்துக்கு முன்பே எடுத்த தரவை விண்ணப்பித்தவருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இளம் ஆய்வாளர்கள் தங்கள் பங்குக்கு ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண் ஒன்றைப் பதிவு செய்து, முதல் கட்டுரையிலிருந்தே அதைப் போட்டு வரலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.