வேட்பாளர் உளறினால், காசு இறங்கினால்: நெல்லைத் தொகுதிகளில் எப்படிப் பதிவது, யாரிடம் கொடுப்பது

டவுன் வாகையடி முனையில் கூட்டம் முடிந்து, மேடைக்காரர்கள் பிளக்ஸைக் கழற்றுவதற்குள் 12 விநாடி வீடியோ ஒன்று மேலப்பாளையத்துக்கும் வள்ளியூருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதில் வேட்பாளர் எதையோ சொல்கிறார். அதற்கு முன்னால் என்ன பேசினார், யாருக்குப் பதில் சொன்னார் என்பது அதில் இல்லை. அந்தத் துண்டை நம்பிக் கொடுக்கும் புகார் பெரும்பாலும் விசாரணையின் முதல் கேள்வியிலேயே படுத்துவிடும். முழுப் பதிவும் இடமும் நேரமும் கையில் இருந்தால், சாதாரண வாக்காளர் கொடுக்கும் காகிதத்துக்கும் மதிப்பு உண்டு.

முதலில் இனம் பிரியுங்கள்

எதிராளியின் சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது, களக்காட்டில் நின்றுகொண்டு "திசையன்விளை வாழ் பெருமக்களே" என்பது, கோடியை லட்சம் என்பது எல்லாம் வாய் தவறல். எந்தச் சட்டப் பிரிவிலும் வராது. சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் மனு எழுதினால், நாளைக்கு உண்மையான மனுவோடு போகும்போது உங்கள் முகத்தைப் பார்த்ததுமே அலுவலகத்தில் சலிப்பு வந்துவிடும்.

சாதி, மதம், மொழியின் பேரால் ஓட்டுக் கேட்பது வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3)-ன்படி அது தேர்தல் முறைகேடு. வேட்பாளரின் மதத்தைச் சொன்னாலும் வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் இது பொருந்தும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நம் பக்கத்துச் சிக்கல் என்னவென்றால், யாரும் சாதிப் பேரை மைக்கில் நேராகச் சொல்வதில்லை. "நம்மாளு", "நம்ம பயலுவ" என்பார்கள். கையில் கட்டிய கயிற்றைத் தூக்கிக் காட்டுவார்கள். துண்டின் நிறம் பேசும். அதனால் முகத்தை மட்டும் நெருக்கிப் பிடிக்காமல், கையும் மேடையும் முன்வரிசையும் சட்டகத்துக்குள் வரும்படி எடுங்கள்.

தனிப்பட்ட வாழ்க்கையைப் பேசுவது இன்னொரு வகை. கொள்கை, திட்டம், பழைய செயல்பாடு இவற்றோடு விமர்சனம் நிற்க வேண்டும் என்பது நடத்தை விதி. 2021 சட்டமன்றத் தேர்தலில் அப்போதைய முதல்வரின் தாயாரைப் பற்றிப் பேசியதற்காக ஆ. ராசா 48 மணி நேரம் பிரச்சாரம் செய்யத் தேர்தல் ஆணையம் தடை போட்டது. நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்தது. தடைக்கு முன்பே அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆகவே ஒருவர் வருத்தம் தெரிவித்தால் அதையும் பதிந்து புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். மறைத்தால் உங்கள் மனுவுக்குத்தான் பலம் குறையும்.

கோயிலில் கும்பிடுவதோ, பாளையங்கோட்டையில் ஒரு சர்ச்சில் போய் உட்காருவதோ மீறல் இல்லை. அந்த வளாகத்துக்குள் ஓட்டுக் கேட்டால், நோட்டீஸ் கொடுத்தால் மீறல். படத்தில் எது தெரிகிறது என்று பார்த்துவிட்டுப் புகார் எழுதுங்கள்.

பதிவு செய்யும்போது

வேட்பாளர் வண்டியிலிருந்து இறங்குவதற்கு 2 நிமிடம் முன்பே பதிவை ஓட விடுங்கள். இடத்தையும் தேதியையும் நேரத்தையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். கேமராவைச் சுற்றி ஒரு பெயர்ப் பலகையைக் காட்டுங்கள்: ரேஷன் கடைப் போர்டு, பஸ் நிறுத்தம், எதுவும் இல்லாத இடத்தில் மின்கம்பத்தின் எண். பிறகு பேச்சு முடியும்வரை நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இரண்டு கோப்பாகிவிடும். "இடையில் வெட்டிவிட்டார்கள்" என்ற பதிலுக்கு நீங்களே வழி விட்டதாகும்.

ஒலிதான் அதிகம் கெடும். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே நின்றால் போன் மைக் அடைத்துக்கொண்டு எல்லாம் கரகரவென்று வரும். பெட்டியின் பக்கவாட்டில் 15, 20 அடி தள்ளி நில்லுங்கள். இன்னொரு போனைச் சட்டைப் பையில் ஒலிப்பதிவுக்கு மட்டும் ஓட விடலாம். போனைப் பொறுத்து ஒரு மணி நேர வீடியோ பல ஜிபி பிடிக்கும். முந்தின நாளே இடம் காலி செய்து, பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்ததும் மூலக் கோப்பை அப்படியே பென்டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். வெட்டுவது, பெயர் மாற்றுவது எல்லாம் பிரதியில் மட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கும். எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து கழன்றுவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் "டாக்குமென்ட்" என்று தேர்ந்து அனுப்புங்கள். நீதிமன்றம்வரை போனால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4)-ன்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் எண்ணைக் கேட்பார்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண் அது. ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், கோப்பு கைக்கு வந்த அன்றே எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள்.

நெல்லைப் பேச்சை நெல்லைப் பேச்சாகவே எழுதுங்கள்

சென்னை ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவருக்கு "ஏலே" என்பது வசவு. நமக்கு அது தம்பியைக் கூப்பிடுவது. "வே" சமவயதுக்காரரிடம் சகஜம். பெரியவரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. "சவத்து மூதி" செல்லமா, திட்டா என்பது குரலைப் பொறுத்தது. ஆகவே எழுத்துப் பிரதி எடுக்கும்போது பேச்சைத் திருத்தாமல், எதிரே இருந்தவர் யார், கூட்டம் சிரித்ததா என்பதையும் சேர்த்து இப்படிப் போடுங்கள்:

*14:32 வேட்பாளர் (மேடையோரம் நின்ற இளைஞரிடம்): ஏலே, அந்த மைக்க இங்கன கொண்டா. (சிரிப்பு) போன தடவ அவுகளுக்குப் போட்டிய, ரோடு வந்துச்சா?*
*14:39 கூட்டம்: இல்ல.*
*14:41 வேட்பாளர்: அப்பொறம் என்னத்துக்குவே… (வெடிச் சத்தம், 3 விநாடி கேட்கவில்லை)*

கேட்காத இடத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. அந்த 3 விநாடிக்குள் நாம் எதை நினைக்கிறோமோ அதைத்தான் காது கேட்கும்.

பொய் வீடியோவைப் பிடிக்கவும் இந்தப் பேச்சுவழக்கு உதவும். ப, ம எழுத்துகளுக்கு உதடு ஒட்ட வேண்டும். போலியில் பல நேரம் ஒட்டாது. மேடையில் எப்போதும் "சொல்லுதேன்" என்கிறவர் வீடியோவில் மட்டும் "சொல்கிறேன்" என்றால் மூலக் கோப்பு வரும்வரை நம்ப வேண்டாம். கட்சிகளின் கணக்குகளில் இப்படிப்பட்ட போலி இருப்பது தெரியவந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் சொல்லியிருக்கிறது. இணைப்பு முகவரியையும் நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். சாதி வெறுப்புத் துண்டை "பாருங்க அநியாயத்த" என்று ஊர்க் குழுவில் தட்டிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி பக்கம் அதன் விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

சி-விஜில்: 100 நிமிடக் கணக்கு

சி-விஜில் என்பது விதிமீறலைப் புகார் செய்யத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் செயலி. அதில் 2 நிமிடம் வரை வீடியோ எடுக்கலாம், அல்லது புகைப்படம். கேலரியில் இருக்கும் பழைய படத்தை ஏற்ற முடியாது. செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். எடுத்த 5 நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். இடத்தை அதுவே பதிந்துகொள்ளும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 5 நிமிடத்தில் பறக்கும் படையிடம் ஒப்படைக்கும். படை 15 நிமிடத்தில் வர வேண்டும். 30 நிமிடத்தில் விசாரிக்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் 50 நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். பெயர் தெரியாமலும் அனுப்பலாம். ஆனால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது.

புகார் விழுந்துபோகும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: படை வரும்போது அங்கே ஒன்றும் இருக்காது. டோக்கன் கொடுத்த ஆள் 20 நிமிடம் நின்றுகொண்டிருக்க மாட்டார். எனவே ஆளைத் துரத்தாமல் வண்டியின் முழு எண்ணைப் பிடியுங்கள் (டிஎன் 72 மட்டும் தெரிந்தால் பயனில்லை), எந்தத் தெருவுக்குத் திரும்பியது என்று குறிப்பில் எழுதுங்கள். மாஞ்சோலை, காரையாறு மாதிரி சிக்னல் இல்லாத இடத்தில் 5 நிமிடக் கெடு தாண்டிவிடும். அங்கே சாதாரணக் கேமராவில் எடுத்துவிட்டு, கீழே இறங்கித் தேர்தல் உதவி எண் 1950-க்கு அழைத்து, கோப்பை எழுத்துப் புகாரோடு தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுங்கள். நகல் ஒன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு. ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். இரண்டிலும் முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் படியிறங்க வேண்டாம்.

காசு, பிரியாணி, நோட்டீஸ்

பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 170-ன்படி கொடுப்பவரும் வாங்குபவரும் லஞ்சக் குற்றவாளிகளே. உறையை வாங்கிப் பிரித்துக் காட்டி வீடியோ போடுகிறவர் தனக்கு எதிராகவே சான்று தருகிறார். தண்டனை ஓராண்டு வரை; சாப்பாடு, சாராயம் போன்ற உபசரிப்புக்கு அபராதம் மட்டும். பீடி சுற்றும் முக்கூடல் பக்கமோ கடற்கரை ஊர்களிலோ வீட்டுக்கு வீடு ஆள் வந்தால், உறை, டோக்கன், பெயர் எழுதிய நோட்டு ஆகியவை தெரியும்படி தள்ளி நின்று எடுங்கள்.

பலர் விட்டுவிடுவது செலவுக் கணக்கை. சட்டமன்றத் தொகுதிக்கு 2022-ல் உயர்த்திய உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். நாற்காலி, பந்தல், வண்டி, பிரியாணி ஒவ்வொன்றுக்கும் மாவட்டம் விலைப்பட்டியல் வைத்திருக்கும். கூட்டத்தில் நாற்காலி எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை, வண்டி எத்தனை, முன்கண்ணாடியில் அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று எண்ணி எழுதிச் செலவினப் பார்வையாளரிடம் கொடுங்கள். அவர் அதை வேட்பாளர் காட்டிய கணக்கோடு ஒப்பிடுவார். வாய்ச்சவடாலைவிட இதற்குத்தான் வேட்பாளர்கள் அதிகம் பயப்படுவார்கள்.

நோட்டீஸ் கிடைத்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். சிவகாசியில் அடித்தாலும் ஜங்ஷனில் அடித்தாலும் இரண்டும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 127ஏ: 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரச்சாரம் இல்லை. வெளித்தொகுதிக் கட்சிக்காரர்கள் வெளியேற வேண்டும். 2019 நாங்குநேரி இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு அன்று தொகுதிக்குள் வந்ததாக அன்றைய கன்னியாகுமரி எம்.பி. மீதே வழக்குப் பதிந்தார்கள்.

குற்றச்சாட்டை எழுதும்போது

நடந்தது, சொல்லப்பட்டது, மறுக்கப்பட்டது. இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதீர்கள். 2024 ஏப்ரல் 6 இரவு தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் 3 பேரிடம் சுமார் 4 கோடி ரூபாய் பிடிபட்டது நடந்தது. அது திருநெல்வேலித் தொகுதி வேட்பாளர் ஒருவருக்குப் போகிற பணம் என்பது பிடிபட்டவர்கள் சொன்னதாக வந்த தகவல். தனக்கும் பணத்துக்கும் தொடர்பில்லை என்பது வேட்பாளரின் மறுப்பு. "வேட்பாளரின் 4 கோடி சிக்கியது" என்று தலைப்புப் போட்டால் மூன்றும் ஒன்றாகி, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-ன்படி அவதூறு வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். அதற்கு 2 ஆண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர் என்றால் புகார் பதிவானது என்று மட்டும் பொருள். குற்றப்பத்திரிகை, தண்டனை இரண்டும் அதற்குப் பின்னால் வருபவை.

பழைய வழக்குகளுக்கு வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். நிலுவை வழக்கு, தண்டனை, சொத்து, கடன், 5 ஆண்டு வருமானம் எல்லாம் அதில் உண்டு. போன தேர்தலில் கொடுத்ததையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சர்வே எண் சர்வே எண்ணாக ஒப்பிடுங்கள். தவறு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதையும் தேர்தல் அலுவலர் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பொய் என்பதற்காக மட்டும் அவர் மனுவைத் தள்ளிவிட மாட்டார். அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 125ஏ-ல் நீதிமன்றம் பார்க்க வேண்டிய விஷயம்.

முடிவு வந்த பிறகு

வென்றவர் மீது முறைகேடு சாட்டி வெற்றியை ரத்து செய்யக் கேட்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுதான் வழி. அந்தத் தேர்தலில் ஓட்டுரிமை உள்ள வாக்காளரோ வேட்பாளரோ 45 நாளுக்குள் போட வேண்டும். 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும். 46-ம் நாள் போனால் எவ்வளவு நல்ல சான்றும் குப்பை. வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ராதாபுரத்தில் 2016-ல் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த தேர்தலுக்கு, தபால் ஓட்டுகளையும் கடைசி 3 சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி உயர் நீதிமன்றம் சொன்னது 2019 அக்டோபரில். எண்ணினார்கள்; முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது; 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. ஆகவே மூலக் கோப்பு, பென்டிரைவ், ஹேஷ் எழுதிய தாள், முத்திரை போட்ட ஒப்புகை நான்கையும் ஒரே உறையில் போட்டு, போன் மாற்றினாலும் வீடு மாறினாலும் தொலையாத இடத்தில் 5 ஆண்டு வையுங்கள்.