எந்தக் குண்டு அதிகம் தெறிக்கும்? ரைபிள் பழகத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்பது: "தரையில் பட்டுத் தெறிக்காத குண்டு எது?" அப்படி ஒன்று கிடையாது. தாழ்ந்த கோணத்தில் பட்டால் ஈயமும் எழும்பும், செம்பும் எழும்பும். ஆனால் சில ரகம் முழுசாக எழும்பிப் பறக்கும், சில ரகம் பட்ட இடத்திலேயே சிதறும். தேர்வு செய்ய அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். எனவே இது சென்னையில் பேப்பர் டார்கெட் சுடுபவர்களுக்கும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உரிமத்தோடு முயலோ மானோ சுடப் போகிறவர்களுக்கும்தான்.

படி 1: கோணத்தைக் கண்ணால் பாருங்கள்

மேஜை மேல் ஒரு 30 செ.மீ. ஸ்கேலை வையுங்கள். ஒரு முனைக்கு அடியில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றைச் செருகுங்கள். படுத்தபடி, குழல் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க, 50 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும் குண்டின் சாய்வு அவ்வளவுதான். டிகிரிக் கணக்கில் 0.3. நாணயத்தை எடுத்துவிட்டு 9 மி.மீ. தூக்குங்கள், ஒரு பென்சிலைவிடச் சற்றுத் தடிமன். இது நின்றபடி 1.5 மீட்டர் உயரத்திலிருந்து சுடுவது, 1.7 டிகிரி. 4 மீட்டர் பரண் மேலிருந்து சுட்டாலும் ஸ்கேல் 2.4 செ.மீ.தான் உயரும், 4.6 டிகிரி.

குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தாழ வீசினால் தத்தித் தத்திப் போகிறதே, அதே கதைதான். தண்ணீரில் 5 டிகிரிக்குக் கீழே படும் குண்டு தெறிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சமதரையில் நாம் சுடும் ஏறக்குறைய எல்லாக் குண்டுமே தெறிக்கும் கோணத்தில்தான் போகிறது.

படி 2: குண்டின் மூக்கையும் உறையையும் பாருங்கள்

பாயின்ட் 22 (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) தோட்டாவை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். அதன் நுனியில் இருக்கும் குண்டுக்கு உருண்டை மூக்கு, மேலே செம்பு உறையில்லாத ஈயம், எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். இந்த வேகத்தில் ஈயம் நசுங்குமே தவிர உடையாது, வழவழப்பான மூக்கு தரையில் வழுக்கி மேலே ஏறும். தெறிப்பதில் பேர்போனது இதுதான். சின்னத் தோட்டாதானே என்று அலட்சியம் வேண்டாம். 1 மைல், 1.5 மைல் வரை ஆபத்து என்று பல பெட்டிகளின் மேலேயே அச்சிட்டிருக்கும். மூக்கில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் வாங்கினால் கொஞ்சம் குறையலாம். ஆனால் இந்த வேகத்தில், அதுவும் சாய்வாகப் பட்டால், குழி விரிவது நிச்சயமில்லை.

முழு உறை போட்ட ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டும், முழுக்கச் செம்பில் கடைந்த குண்டும் எடை குறையாமல் தாங்கும். அதனால் அவையும் நன்றாகத் தெறிக்கும். மெல்லிய உறை, லேசான எடை, அதிக வேகம் மூன்றும் சேர்ந்தால்தான் நிலைமை மாறும். பாயின்ட் 17 எச்.எம்.ஆர். என்ற தோட்டாவின் குண்டு 1.1 கிராம்தான், ஆனால் நொடிக்குச் சுமார் 775 மீட்டர். கல்லிலோ கெட்டித் தரையிலோ பட்டால் பெரும்பாலும் தூளாகிவிடும். முயலுக்கு எங்கள் தேர்வு இதுவே. அதற்காக மானுக்கு இந்த ரகத்தைக் கொண்டுபோகாதீர்கள். மேலோட்டமாகச் சிதறி, சாகாமல் காயத்தோடு ஓடவிடும். அது பெரிய கொடுமை.

படி 3: தரையைப் படியுங்கள்

கான்கிரீட், பாறை, இரும்பில் பட்ட குண்டு பரப்பை ஒட்டியே தாழப் போகும். சுவரோரம் நிற்பவருக்கு ஆபத்து அதனால்தான். மணலும் நீரும் வேறு மாதிரி. குண்டு சின்னப் பள்ளம் பறித்து, அதன் சரிவிலேயே ஏறி, பட்ட கோணத்தைவிடச் செங்குத்தாகக் கிளம்பலாம். பெரும்பாலான ரைபிள்களின் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் வலஞ்சுழி என்பதால் மணலிலும் நீரிலும் வலப்பக்கம் ஒதுங்கும் வாய்ப்பு அதிகம். உழுது பொலபொலவென்றிருக்கும் மண் ஓரளவு விழுங்கும். கோடையில் வெடித்துக் காய்ந்த களிமண்ணைக் கல் என்றே நினையுங்கள். பழைய டயர் குண்டை நம்மிடமே திருப்பி அனுப்பும், அதைத் தடுப்பாக வைக்கவே வேண்டாம்.

படி 4: பின்னால் மண்மேடு இருக்கிறதா?

வேட்டையில் மிருகத்தின் பின்னால் மேடோ சரிவோ தெரியாவிட்டால் சுடாதீர்கள். சரியாகப் பட்ட குண்டும் உடம்பைத் துளைத்து, திசை மாறி வெளியே வரலாம்.

கிளப்பில் மணல் மேட்டைப் பராமரிப்பதுதான் வேலை. எம்-சாண்ட் போட்டால் சல்லி கலந்திருக்கும், சலித்துத்தான் கொட்ட வேண்டும். டார்கெட்டின் நடுப்புள்ளிக்கு நேர் பின்னே ஈயம் கட்டியாகச் சேர்ந்துவிடும், அடுத்த குண்டு அதில் பட்டுத் திரும்பி வரும். அங்கே தோண்டி, சலித்து, ஈயத்தை எடுத்துவிட்டு மணலை நிரப்புங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மேட்டைப் பாருங்கள். மேல்மணல் கரைந்து உள்ளிருந்த கல் தலைகாட்டும், முன்னால் தண்ணீரும் தேங்கும். வடியும் வரை சுட வேண்டாம்.

படி 5: தெறித்துவிட்டால்

"ஊய்ங்" என்ற சத்தம், குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு குண்டு பறப்பதன் அடையாளம். கேட்டவர் யாராக இருந்தாலும் உடனே "ஸ்டாப்" என்று கத்தலாம். எல்லோரும் தோட்டாவை வெளியே எடுத்து, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து, ரைபிளைக் கீழே வைத்த பிறகே முன்னால் போங்கள். தரையில் நீளமாக ஒரு கீறல் இருக்கும். அது தொடங்கும் இடத்தில் விரலால் துழாவினால் கல்லோ ஈயக்கட்டியோ தட்டுப்படும். அதை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி சுடத் தொடங்குங்கள்.